பேச்சிப்பாறையிலிருந்து வராத குழாய்

வண்ணார்பேட்டைப் பக்கம் தாமிரபரணிப் பாசனத்தில் நெல் போடுகிறவர்களுக்குக் கூடங்குளம் என்றால் மின்சாரம்தான். நெல்லை மாவட்டத்தின் தென்கோடியில், இராதாபுரம் வட்டத்து விவசாயிகளுக்கோ அந்தப் பெயர் முதலில் தண்ணீர்ப் பிரச்னையாகவே வந்தது.

1988 நவம்பரில் இந்தியாவும் சோவியத் யூனியனும் கூடங்குளம் அணுமின் நிலையத்துக்கு ஒப்பந்தம் செய்தன. தலா 1,000 மெகாவாட் கொண்ட இரண்டு உலைகள். அவற்றுக்கு வேண்டிய நன்னீரைக் குமரி மாவட்டத்துப் பேச்சிப்பாறை அணையிலிருந்து குழாய் போட்டுக் கொண்டுவருவது என்பது அன்றைய திட்டம்.

1906இல் கட்டி முடிக்கப்பட்ட இந்த அணையை நம்பித்தான் நாஞ்சில் நாட்டில் கன்னிப்பூ, கும்பப்பூ என்று இருபோக நெல் விளைகிறது. தோவாளைக் கால்வாய்க்குப் பின் இராதாபுரம் கால்வாய். அதற்கு 52 குளங்கள், 17,000 ஏக்கர். கடைமடைக்குத் தண்ணீர் எட்டுவது எப்போதுமே இழுபறிதான். அணையிலேயே ஒரு குழாயைச் செருகினால் முதலில் காய்வது யார் வயல் என்று சொல்ல வேண்டியதில்லை. குமரி மாவட்ட விவசாயிகள் எதிர்த்தார்கள்.

அணுமின் நிலையத்துக்கு இருவகைத் தண்ணீர் வேண்டும். உலையின் வெப்பத்தில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கே மின்சாரமாகிறது. மீதி வெப்பத்தைத் தண்ணீர்தான் வாங்கிக்கொள்ள வேண்டும். கூடங்குளத்தில் அந்த வேலையைக் கடல்நீர் செய்கிறது. ஆனால் நீராவியாகிச் சுழலியைச் சுற்றும் தண்ணீரில் உப்பு இருக்கக் கூடாது. இருந்தால் குழாய்களில் படிந்து அரித்துவிடும். அதற்கும் ஊழியர் குடியிருப்புக்கும்தான் நன்னீர். உத்தரப் பிரதேசத்து நரோரா போலக் கடலுக்குத் தொலைவில் உள்ள நிலையமானால் குளிர்விக்கும் வேலைக்கும் ஆற்று நீரே கதி.

அந்த நன்னீர் எவ்வளவு? பின்னாளில் முதல் இரண்டு உலைகளுக்காக அமைத்த கடல்நீர் சுத்திகரிப்பு நிலையத்தின் அளவு நாளொன்றுக்குச் சுமார் 75 லட்சம் லிட்டர். ஓர் ஏக்கர் நெல்லுக்கு நடவு முதல் அறுப்பு வரை ஏறத்தாழ 50 லட்சம் லிட்டர் பிடிக்கும். அப்படியானால் ஒரு நாள் தண்ணீர் ஒன்றரை ஏக்கர் விளைச்சல்; ஓர் ஆண்டுத் தண்ணீர் சுமார் 550 ஏக்கர்.

பேச்சிப்பாறைக்கு இது பெரிய அளவல்ல என்று பொறியாளர்கள் சொல்லக்கூடும். கணக்கின்படி அது சரியே. ஆனால் பாசனத்துக்கு ஜூனில் திறந்து பிப்ரவரி முடிவில் அடைக்கிற அணை அது. மழை பொய்த்தால் திறப்பு தள்ளிப்போகும், முறை வைத்து விடுவார்கள், விவசாயி பொறுத்துக்கொள்கிறார். உலைக்கு முறைப்பாசனம் கிடையாது. நிறுத்தி வைத்த உலையிலும் சூடு இருந்துகொண்டே இருக்கும், அதற்கும் தண்ணீர் வேண்டும். பஞ்ச ஆண்டில் அணைத் தண்ணீரில் முதல் பங்கு ஆலைக்கா, வயலுக்கா என்றால் ஆலைக்குத்தான் போகும். விவசாயிகளின் அச்சம் அதுதான்.

1991இல் சோவியத் யூனியன் கலைந்தது. திட்டம் கிடப்பில் கிடந்தது. 1998இல் ரஷ்யாவுடன் மறு ஒப்பந்தமாகி, 2002இல் கட்டுமானம் தொடங்கியது. 2013இல் முதல் உலையும், 2016இல் இரண்டாவதும் மின்சாரம் தந்தன. பேச்சிப்பாறைக் குழாய் மட்டும் போடப்படவே இல்லை. கடல்நீரை ஆவியாக்கி இறக்கும் முறை அதன் இடத்துக்கு வந்தது. மின்சாரம் தின்கிற முறைதான். மின்சாரம் தயாரிக்கிற இடத்தில் அது தாங்கும்.

வேறெந்த ஆலைக்காவது ஆற்றிலோ அணையிலோ குழாய் வைக்கப் பேச்சு வந்தால், நாளொன்றுக்கு எத்தனை லட்சம் லிட்டர் என்று கருத்துக்கேட்புக் கூட்டத்தில் கேட்டுக் குறித்துக்கொள்ளலாம். அதை 365ஆல் பெருக்கி 50ஆல் வகுத்தால் எத்தனை ஏக்கர் நெல் என்பது தெரியும். அணை அடைத்திருக்கும் மாதங்களில் அந்தத் தண்ணீர் எங்கிருந்து வரும் என்பதையும் கூடவே கேட்க வேண்டும்.