மான் யார், வேடன் யார்

தறியை நிறுத்திவிட்டு டீ குடிக்க வந்த நெசவுக்காரத் தம்பி ஒருவர் கேட்டார்: "அண்ணே, மாரீசன் படத்தை டார்க் காமெடின்னு சொல்றாங்களே, அப்படின்னா என்ன? எனக்குச் சிரிக்கவும் முடியல, சிரிக்காம இருக்கவும் முடியல." ஆரணிக் கடைத்தெருவில் ஒரு டீக்குள் சொல்லி முடிக்கிற பதில் இல்லை அது. இன்னும் ரெண்டு சொன்னோம்.

கதை நம்ம பக்கம் நோக்கி வருகிற கதை. சிறையிலிருந்து வெளியே வந்த தயாளன் என்ற திருடன், நாகர்கோவிலில் ஒரு வீட்டுக்குள் புகுகிறான். அங்கே வேலாயுதம் என்கிற பெரியவர் கட்டிப்போடப்பட்டிருக்கிறார். தனக்கு மறதி நோய், மகன்தான் கட்டிவைத்தான், அவிழ்த்துவிட்டால் பணம் தருகிறேன் என்கிறார். ஏடிஎம்மில் பார்த்தால் கணக்கில் 25 லட்சம். அதற்குப் பிறகு அவரை விட மனசு வருமா? திருவண்ணாமலைக்குப் போகவேண்டும் என்றவரைத் பைக்கிலேயே ஏற்றிக்கொள்கிறான். தயாளனாக ஃபகத் ஃபாசில், வேலாயுதமாக வடிவேலு. 2023-இல் வந்த 'மாமன்ன'னில் ஃபகத் முன்னால் உட்காரவும் முடியாமல் நின்ற அதே வடிவேலு, 2025-இல் அவர் பின்னால் உட்கார்ந்து வருகிறார். கேரளத்துக்காரர் ஒருவர், மதுரைக்காரர் ஒருவர். ஒரே பைக்கில் யாரும் நினைத்துப் பார்க்காத ஜோடி.

இப்போது கேள்விக்கு வருவோம். நினைவு தப்பும் மனிதரிடம் திருடுவதைவிடக் கேவலம் உண்டா? ஆனாலும் சிரிக்கிறோம். காரணம், வடிவேலு. 1991-இல் 'என் ராசாவின் மனசிலே' தொடங்கி, அவர் அடி வாங்கினால் சிரிக்க வேண்டும் என்று நம் உதடு பழகிவிட்டது. இயக்குநர் சுதீஷ் சங்கரும் எழுதிய கிருஷ்ணமூர்த்தியும் அந்தப் பழக்கத்தின் மேல்தான் கதையை ஏற்றி வைக்கிறார்கள். பெரியவர் தடுமாறும்போது முதலில் சிரிப்பு வருகிறது, அடுத்த நொடி எதற்குச் சிரித்தோம் என்று உறுத்துகிறது. அந்த உறுத்தலைத்தான் தம்பி, டார்க் காமெடி என்கிறார்கள். 1987-இல் வந்த 'பேசும் பட'மும் இப்படித்தான்: வேலையில்லாத இளைஞன் ஒரு பணக்காரரை அடைத்துவைத்துவிட்டு அவருடைய ஓட்டல் அறையில் வாழ்வான். செய்வது குற்றம், ஆனால் அவன் மாட்டிக்கொள்ளக் கூடாதே என்று நாம் தவிப்போம்.

எனக்கு அந்த உறுத்தல் கூடுதலாகவே இருந்தது. எங்கள் தெருவில் ஒரு தாத்தா, கடைசிக் காலத்தில் மகன் பெயரையே மறந்துவிட்டார். சாப்பிட்ட கையோடு சாப்பாடு எங்கே என்பார், பிள்ளைகள் சிரிக்கும். ஒருநாள் தறியில் பழைய பாவு நூலோடு புதுப் பாவு நூலைப் பிணைக்கும் இடத்தில் கொண்டுவந்து உட்காரவைத்தார்கள். விரல் நுனியில் சாம்பலைத் தொட்டுக்கொண்டு, இழையோடு இழையை வைத்து ஒரே உருட்டில் திரித்துவிட்டார். அடுத்தது, அதற்கு அடுத்தது. சிரித்த பிள்ளைகள் வாயடைத்து நின்றார்கள்.

தலைப்பைக் கவனியுங்கள். பொன்மானாக வேடமிட்டுச் சீதையை மயக்கியவன் மாரீசன். இங்கே அக்கறை காட்டும் திருடனும் வேடம்தான், பின்னால் உட்கார்ந்திருப்பவரும் வேடம்தான். பாவு ஒரு நிறம், ஊடை ஒரு நிறம் போட்டு நெய்த மயில் கழுத்துப் பட்டை ஜன்னல் பக்கம் திருப்பினால் நீலம், இந்தப் பக்கம் திருப்பினால் பச்சை என்று காட்டுமே, முதல் பாதி முழுக்க அப்படி இருக்கிறது. எது மான், எவன் வேடன் என்று பிடிபடவில்லை.

படம் பார்க்காதவர்கள் இந்தப் பத்தியைத் தாண்டிவிடலாம். பெரியவருக்கு மறதியே இல்லை. குழந்தைகளைச் சீரழித்தவர்களைத் தேடித் தேடிக் கொல்பவர் அவர். அவர் கோபம் நியாயமானது, வடிவேலு அதைச் சுமக்கும் முகமும் அபாரம். ஆனால் அங்கிருந்து படம் எல்லாவற்றையும் ஃபிளாஷ்பேக் வைத்து விளக்கத் தொடங்கிவிடுகிறது. யாருக்காக வருந்துவது என்பது தீர்மானமான பிறகு, நமக்குள் உறுத்த எதுவும் மிச்சமில்லை. பட்டு ஒரே நிறமாகிவிடுகிறது. இதுதான் எனக்குக் குறை, மனசார வருந்திச் சொல்கிறேன்.

தம்பி டம்ளரைக் கீழே வைத்தார். "எங்கப்பாவுக்கும் இப்போ லேசா மறக்குதுண்ணே. அவரோட உட்கார்ந்து பார்க்கலாமா?"

"இடைவேளை வரைக்கும் பாரு" என்றேன். "அவர் எந்த இடத்துல சிரிக்கிறார்னு கவனி."