புரத கைனேஸ் ஏ: நொதியைக் கட்டுப்படுத்தும் துணை அலகுகள்

உயிரணுவின் வாயிலில் ஹார்மோன் தரும் செய்தியை உள்ளே செயலாக மாற்றும் நொதிகளுள், எட்வின் கிரெப்ஸ் குழுவினர் 1968இல் தசையில் கண்டறிந்த புரத கைனேஸ் ஏ மிக விரிவாக ஆராயப்பட்ட ஒன்றாகும். ஏ.டி.பி. என்னும் ஆற்றல் மூலக்கூறிலிருந்து ஒரு பாஸ்பேட்டை எடுத்து மற்றொரு புரதத்தின்மீது பொருத்தும் நொதியே புரத கைனேஸ் எனப்படுகிறது. பாஸ்பேட் ஏறியதும் அப்புரதத்தின் வடிவம் மாறி, அதன் செயல் முடுக்கப்படுகிறது அல்லது முடக்கப்படுகிறது.

இந்நொதி ஓய்வு நிலையில் நான்கு புரத அலகுகளின் கூட்டாக இருக்கிறது. அவற்றுள் இரண்டு, வேதிவினையை நிகழ்த்தும் வினையூக்கி அலகுகள். மற்ற இரண்டு, அவற்றைத் தடுத்து நிறுத்தும் ஒழுங்குமுறை அலகுகள். வினையூக்கி அலகைத் தனியே பிரித்தெடுத்தால் வேறெந்தத் தூண்டுதலுமின்றி அது வேலை செய்யும் என்பதால், இங்கே கட்டுப்பாடு என்பது நொதியைத் தூண்டுவதன்று, உரிய வேளை வரும்வரை அதை அடக்கி வைப்பதே ஆகும்.

அடக்கும் முறை நுட்பமானது. வினையூக்கி அலகு, இரண்டு ஆர்ஜினின் அமினோ அமிலங்களை அடுத்துச் சற்றுத் தள்ளி செரின் அல்லது திரியோனின் அமைந்த வரிசையைத் தேடிப் பற்றி, அந்தச் செரின் அல்லது திரியோனின்மீது பாஸ்பேட்டை ஏற்றுகிறது. ஆர்1ஆல்ஃபா என்னும் ஒழுங்குமுறை அலகிலும் அதே வரிசை உள்ளதெனினும், செரின் இருக்கவேண்டிய இடத்தில் பாஸ்பேட்டை ஏற்க இயலாத அலனின் இருப்பதால், அந்த வரிசை வினை நிகழும் பள்ளத்தில் பொருந்தி, வினை நிகழவிடாமல் அதை அடைத்துக்கொள்கிறது.

அட்ரினலின் உயிரணுவின் ஏற்பியைத் தொட்டதும், எர்ல் சதர்லாண்ட் கண்டறிந்த வளைய ஏ.எம்.பி. என்னும் சிறு மூலக்கூறு உள்ளே பெருகுகிறது. ஒவ்வோர் ஒழுங்குமுறை அலகும் அதன் இரு மூலக்கூறுகளை ஏற்று வடிவம் மாறப் பிடி தளர்ந்து, விடுபட்ட வினையூக்கி அலகுகள் தொடர்வினை ஒன்றைத் தொடங்கிவைக்க, சேமிப்பிலுள்ள கிளைகோஜன் சிதைந்து ஆற்றலுக்குப் பயன்படுகிறது. பாஸ்போடையெஸ்டரேஸ் நொதிகள் வளைய ஏ.எம்.பி.யைச் சிதைத்ததும் பழைய கூட்டு மீண்டும் அமைகிறது.

ஒழுங்குமுறை அலகுகள் காலத்தோடு இடத்தையும் வரையறுக்கின்றன. ஏகேஏபி எனப்படும் நங்கூரப் புரதங்களோடு அவை இணைவதால், நொதி தன் இலக்குப் புரதங்களின் அருகிலேயே நிறுத்தப்படுகிறது.

இந்தப் பிடி எவ்வளவு இன்றியமையாதது என்பதை நோய்கள் காட்டுகின்றன. ஆர்1ஆல்ஃபாவின் மரபணு பழுதடைந்தால், இதயத்திலும் நாளமில்லாச் சுரப்பிகளிலும் கட்டிகள் தோன்றும் கார்னி நோய்த்தொகுப்பு உண்டாகிறது. வினையூக்கி அலகின் 206ஆம் இடத்திலுள்ள லூசின் ஆர்ஜினினாக மாறினாலோ, ஒழுங்குமுறை அலகு நலமாக இருந்தும் அதைப் பற்ற இயலாமல் போய், அட்ரினல் சுரப்பியில் கார்டிசாலை மிகுதியாகச் சுரக்கும் கட்டி தோன்றுகிறது. முன்னதில் அடக்கும் அலகு குறைகிறது, பின்னதில் அடங்கவேண்டிய அலகு நழுவுகிறது. இரண்டிலும் கேடு விளைவிப்பது, ஹார்மோனின் ஆணைக்குக் காத்திராமல் இயங்கும் நொதியே.