கடலில் இரண்டு கேபின், ஒரு குடும்பம்

டெக்சஸில் இருக்கும் என் தங்கை, கணவரோடும் 14, 17 வயது மகள்களோடும் கால்வெஸ்டன் துறைமுகத்திலிருந்து கப்பல் சுற்றுலா போகத் திட்டமிட்டாள். நான்கு பேருக்கும் ஒரே கேபின் கிடைத்தது. ஆனால் ஜன்னல் இல்லாத சாதாரண கேபின் பெரும்பாலும் 150 முதல் 180 சதுர அடிதான். இருவர் கீழே படுத்தால் மற்ற இருவருக்கு மேலிருந்து இறக்கும் கட்டில். எல்லோருக்கும் ஒரே குளியலறை. வளர்ந்த பெண்களுக்கு இது சரிப்படாது என்று பிள்ளைகளுக்குத் தனி கேபின் போடப் பார்த்தாள். வயதைப் போட்டதுமே புக்கிங் நின்றுவிட்டது.

காரணம், கப்பல் நிறுவனங்களின் வயது விதி. அமெரிக்கத் துறைமுகங்களிலிருந்து கிளம்பும் பெரிய கப்பல்களில் ஒவ்வொரு கேபினிலும் 21 வயது நிரம்பிய ஒருவர் இருக்க வேண்டும் என்பது பொது வழக்கம். சிங்கப்பூரிலிருந்தோ ஐரோப்பாவிலிருந்தோ கிளம்பினால் ராயல் கரீபியன் போன்ற நிறுவனங்கள் அதை 18 ஆகக் குறைக்கின்றன. கல்லூரிக்குப் போகும் 19 வயதுப் பையன் அமெரிக்கச் சட்டப்படி பெரியவன்தான். ஆனால் மயாமியில் கப்பலேறும்போது அவனும் சின்னப் பிள்ளைதான். பெற்றோர் கூடவே வந்தால் விதிவிலக்கு உண்டு: பிள்ளைகளின் கேபின் பெரும்பாலும் பெற்றோர் கேபினுக்குப் பக்கத்திலோ நேர் எதிரிலோ இருக்க வேண்டும். எவ்வளவு தள்ளி இருக்கலாம் என்பது நிறுவனத்துக்கு நிறுவனம், வயதுக்கு வயது மாறும். இந்த விதிவிலக்கை இணையப் பக்கம் பல நேரம் காட்டுவதில்லை. தொலைபேசியில் கேட்டால்தான் கிடைக்கும். கிடைத்ததை மின்னஞ்சலில் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.

பலர் செய்வது வேறு. காகிதத்தில் அப்பாவையும் ஒரு மகளையும் ஒரு கேபினில், அம்மாவையும் இன்னொரு மகளையும் மறு கேபினில் காட்டிவிட்டு, கப்பலேறியதும் இடம் மாறிக்கொள்வது. வரவேற்பு மேசையில் மறு கேபினுக்கும் சேர்த்துக் கூடுதல் சாவி அட்டை கேட்டால் பெரும்பாலும் தந்துவிடுவார்கள். இதைத் தப்பு என்று நான் சொல்லவில்லை. ஆனால் கப்பலில் உங்கள் பெயர் எந்த கேபினில் பதிவாகியிருக்கிறதோ அங்கேதான் நீங்கள் இருப்பதாகக் கணக்கு. அது நான்கு இடங்களில் வந்து இடிக்கும்.

முதலாவது, ஆபத்து நேரத்தில் போய்ச் சேர வேண்டிய கூடுமிடம். இது கேபினை ஒட்டித்தான் ஒதுக்கப்படுகிறது. 2012 ஜனவரியில் இத்தாலியக் கரையோரம் கோஸ்டா கான்கார்டியா பாறையில் மோதிக் கவிழ்ந்து 32 பேர் இறந்தார்கள். கடைசியாக ஏறிய பயணிகளுக்கு ஆபத்துக்கால ஒத்திகையே நடந்திருக்கவில்லை. அதன் பிறகுதான், கப்பல் புறப்படும் முன்போ புறப்பட்ட உடனேயோ ஒத்திகை நடத்த வேண்டும் என்று சர்வதேச விதி திருத்தப்பட்டு 2015 முதல் நடைமுறைக்கு வந்தது. இரண்டு கேபினுக்கும் ஒரே கூடுமிடமா என்று சாவி அட்டையில் பாருங்கள். வேறு வேறாக இருந்தால் மாற்றித் தரக் கேளுங்கள். முடியாது என்றால், சைரன் ஒலித்ததும் யார் யாரோடு போவது என்று அன்றே பேசிவையுங்கள்.

இரண்டாவது, பெற்றோரில் ஒருவரால் கடைசி நேரத்தில் வர முடியாமல் போவது. அப்போது ஒரு கேபினில் பெரியவரே இல்லாமல் போகிறது, மொத்தப் பயணமும் சிக்கலாகிறது. மூன்றாவது, பயணம் முழுவதற்கும் சேர்த்து வாங்கும் மதுபானத் தொகுப்பு. ஒரு பெரியவர் வாங்கினால் அதே கேபினில் பதிவான மற்ற பெரியவர்களும் வாங்க வேண்டும் என்று சில நிறுவனங்கள் வற்புறுத்துகின்றன. நான்காவது, பதிவான கேபினின் பெயரில் ஏறும் செலவுக் கணக்கு. பிள்ளையின் சாவி அட்டையில் வீடியோ விளையாட்டுக் கூடத்திலும் கடையிலும் எவ்வளவு செலவாகலாம் என்று முதல் நாளே வரம்பு வைக்கச் சொல்லுங்கள்.

கேபின் தேர்வில் இரண்டு கண்ணிகள் உண்டு. கேபின் எண்ணை நிறுவனமே பிறகு ஒதுக்கும் மலிவுக் கட்டணத்தில் இரண்டு கேபினும் வெவ்வேறு தளத்தில் விழலாம். இன்னொன்று, பயணத்துக்கு முன் வரும் 'சிறந்த அறைக்கு மாற ஏலம் கேளுங்கள்' என்ற மின்னஞ்சல். ஒரு கேபினுக்கு மட்டும் ஏலம் கேட்டு வென்றால், பெற்றோர் ஒரு மூலை, பிள்ளைகள் ஒரு மூலை. பக்கத்து கேபின் என்பதும் இடைக்கதவு உள்ள கேபின் என்பதும் ஒன்றல்ல. முன்னதில் சுவர் மட்டும்தான் பொது. தங்கை இடைக்கதவு உள்ளதையே எடுத்தாள். இருவர் இருவராகப் பிரித்தால், மூன்றாம் நான்காம் ஆளுக்குக் கிடைக்கும் கட்டணச் சலுகை போய்விடும். அந்தக் காசு எனக்கு வீணாகத் தெரியவில்லை.

இனி, பேசவே தயங்கும் விஷயம். கப்பலில் பாலியல் வன்முறை நடக்கிறது. அமெரிக்கப் போக்குவரத்துத் துறை காலாண்டுக்கு ஒருமுறை வெளியிடும் குற்றப் புள்ளிவிவரத்தில் அதற்குத் தனிக் கட்டமே இருக்கிறது. 2010-இல் அங்கே வந்த பயணக் கப்பல் பாதுகாப்புச் சட்டம், கேபின் கதவில் வெளியே பார்க்கும் துளையும், கேபின் தளத்திலிருந்து 42 அங்குல உயரத் தடுப்பும் இருக்க வேண்டும் என்கிறது. பாதிக்கப்பட்டவரைப் பரிசோதிக்கத் தடயப் பெட்டியும், பயிற்சி பெற்ற மருத்துவப் பணியாளரும், காவல்துறையோடு தனிமையில் பேச இலவசத் தொலைபேசியும் தர வேண்டும் என்கிறது. இது பிச்சையல்ல, உரிமை. பிள்ளைகளிடம் வெளிப்படையாகச் சொல்லுங்கள்: கப்பலில் பழகியவர் யாரானாலும், ஊழியரே ஆனாலும், அவர்களுடைய அறைக்குப் போகாதே, யாரையும் நம் அறைக்குள் விடாதே, துளை வழியாகப் பார்த்துவிட்டுக் கதவைத் திற. ஏதாவது நடந்துவிட்டால் குளிக்காமல், உடை மாற்றாமல் எங்களிடம் வா. உன்னைத் திட்ட மாட்டோம்.

எச்1பி விசாவில் இருக்கும் குடும்பங்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். அமெரிக்கக் கடல் எல்லையைத் தாண்டிய வெளிநாட்டுக் கொடிக் கப்பலில் எஃப்பிஐயின் அதிகாரம், பாதிக்கப்பட்டவரோ குற்றவாளியோ அமெரிக்கக் குடிமகனாக இருப்பதைத்தான் பெரிதும் சார்ந்திருக்கிறது. இருவருமே அப்படி இல்லையென்றால், கப்பல் பதிவாகியிருக்கும் பஹாமாஸ் அல்லது பனாமாவின் காவல்துறை வரை போக நேரலாம். அதனால் கப்பலின் பாதுகாப்பு அதிகாரியிடம் எழுத்தில் புகார் கொடுங்கள். கேமரா பதிவுகளை அழிக்காமல் வைக்கும்படி அதிலேயே கேளுங்கள். எஃப்பிஐக்கும் இந்தியத் தூதரகத்துக்கும் நீங்களே தெரிவியுங்கள். கப்பல்காரர்கள் சொல்லிவிடுவார்கள் என்று காத்திருக்காதீர்கள்.

நஷ்டஈடு கேட்பதென்றால் பயணச்சீட்டின் பொடி எழுத்துதான் உங்கள் ஒப்பந்தம். காயத்துக்கு ஆறு மாதத்துக்குள் எழுத்தில் அறிவிப்பு, ஒரு வருடத்துக்குள் வழக்கு என்பதுதான் பெரும்பாலும் காலக்கெடு. பிள்ளைகளுக்குச் சட்டத்தில் சில சலுகைகள் இருந்தாலும் அதை நம்பித் தள்ளிப்போட வேண்டாம். எங்கே வழக்கு என்பதையும் அவர்களே எழுதியிருப்பார்கள். வாஷிங்டன் மாநிலத்தைச் சேர்ந்த ஒரு தம்பதி மெக்சிகோ பக்கம் கப்பலில் நடந்த விபத்துக்கு வழக்குப் போட்டபோது, சீட்டில் எழுதியபடி ஃபுளோரிடாவில்தான் வழக்காட வேண்டும் என்று 1991-இல் அமெரிக்க உச்சநீதிமன்றம் சொல்லிவிட்டது.

இந்தியாவில் ஏஜென்ட் மூலம் புக்கிங் செய்தவர்களுக்கு இன்னொரு வழி இருக்கிறது. இடைக்கதவு உள்ள கேபின் என்று சொல்லிப் பணம் வாங்கிவிட்டு இரண்டு தளம் தள்ளிக் கொடுத்தால் அது சேவைக் குறைபாடு. 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி, நீங்கள் வசிக்கும் மாவட்ட ஆணையத்திலேயே இரண்டு ஆண்டுக்குள் புகார் கொடுக்கலாம். முதலில் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணை அழைத்துப் பாருங்கள். கேபின் எண் எழுதிய ரசீதையும், ஏஜென்ட் அனுப்பிய வாட்ஸாப் செய்திகளையும் அழிக்காமல் வைத்திருங்கள்.