மூன்று நண்டுகளும் ஒரு சந்தேகமும்

நண்டுக் குழம்பு என்றால் நம் தூத்துக்குடியில் வேண்டாம் என்பவர் யார்? ஆனால் சமைக்குமுன் நண்டின் அடிவயிற்று மடலைத் திருப்பிப் பார்த்திருக்கிறீர்களா? ஆணுக்கு அது குறுகலாகவும், பெண்ணுக்கு அகலமாகவும் இருக்கும். பெண் நண்டு முட்டைகளைச் சுமக்கும் தொட்டில் அதுவே.

சென்ற கோடை விடுமுறையில் எனக்கு ஒரு சந்தேகம் எழுந்தது. கடலில் பிடித்த நீலக்கால் நண்டின் மடலில் முட்டைக் கொத்தைப் பலமுறை கண்டிருக்கிறேன். புன்னைக்காயல் கழிமுகத்துச் சேற்று நண்டில் ஒருமுறைகூடக் கண்டதில்லை. (ஓட்டுக்குள் சிவப்பாக இருப்பது இன்னும் வெளியே இடப்படாத சினை, அது வேறு.) ஸ்ரீவைகுண்டத்தில் ஆச்சி வீட்டு வயல் நண்டிலோ, முட்டைக்குப் பதில் மிளகளவு நண்டுக் குஞ்சுகளே இருந்தன! ஏன் இப்படி என்று அறிவியல் சிஸ்டரிடம் கேட்டேன்.

காரணம் உப்புதான். சேற்று நண்டின் குஞ்சு பிறக்கும்போது நண்டு போலவே இராது. கண்ணுக்குத் தெரிந்தும் தெரியாமலும் மிதக்கும் முள் முளைத்த சிற்றுயிர் அது; பெயர் 'சோயியா'. ஐந்து சோயியா நிலைகளையும், 'மெகலோப்பா' என்ற நிலையையும் கடந்த பிறகே நண்டின் உருவம் வரும். கடல்நீரில் லிட்டருக்கு ஏறக்குறைய 35 கிராம் உப்பு உண்டு. ஆற்றில் வெள்ளம் வந்தால் கழிமுகத்தில் உப்பு குறைந்துவிடும். பெரிய நண்டு அதைத் தாங்கும்; சோயியா தாங்காது. ஆகவே தாய் நண்டு அலையாத்திக் காட்டை விட்டுக் கடலுக்குப் போய், பத்து லட்சத்துக்கும் மேற்பட்ட முட்டைகளை இடுகிறது. பிழைப்பவை மிகச் சிலவே. மற்றவை பெரும்பாலும் மீன்களுக்கு இரை.

இத்தனை முட்டையிடுவது கவலையற்ற தாயாக இருக்கும் என்று நினைத்தேன். தவறு! பொரியும்வரை பத்துப் பன்னிரண்டு நாட்கள் மடலை ஆட்டி ஆட்டி, முட்டைகளுக்குப் புதுநீர் பாயச் செய்கிறதாம்.

வயல் நண்டுக்குக் கடல் எட்டாது. அதனால் சில நூறு முட்டைகளே இடும். ஆனால் ஒவ்வொன்றும் பெரியது, மஞ்சள் கரு நிறைந்தது. மிதக்கும் பருவம் முழுவதும் முட்டைக்குள்ளேயே கழிந்து, குஞ்சு நண்டாகவே வெளிவரும். சில நாட்கள் தாயின் மடலிலேயே ஒண்டிக்கொண்டும் இருக்கும்.

நீலக்கால் நண்டு கடலிலேயே வாழ்வதால் அதற்குப் பயணத் தொல்லை குறைவு. வலைத் தொல்லைதான் அதிகம். அதன் முட்டைகள் முதலில் ஆரஞ்சு நிறமாக இருந்து, குஞ்சின் கண்கள் உருவாக உருவாகக் கறுக்கும். கறுத்த முட்டையோடு சந்தைக்கு வரும் நண்டு, இன்னும் ஓரிரு நாள் கடலில் இருந்திருந்தால் அத்தனை குஞ்சுகளையும் விட்டிருக்கும்.

இதைச் சொன்னதிலிருந்து அம்மா மடலைத் திருப்பிப் பார்த்தே நண்டு வாங்குகிறார்கள். மீன் விற்கும் அக்கா முதலில் முகம் சுளித்தார். இப்போது, "இதுல முட்டை இல்லம்மா, பாருங்க" என்று அவரே திருப்பிக் காட்டுகிறார்.