சாப்பாடு எங்கே, திமிங்கலம் அங்கே!

'சான்பிரான்சிஸ்கோ கடலில் கிரில்லுக்கு மேப் போடுகிறார்கள்' என்று ஆபீஸில் டீ நேரத்தில் சொல்லித் தொலைத்தேன். கிரில் என்றால் ஜன்னல் கம்பி இல்லை ஸார். நம்ம சென்னாக்கூனிக்குத் தூரத்துச் சொந்தம்.

"திமிங்கலத்தைக் காப்பாத்தணும்னா திமிங்கலத்தை எண்ண வேண்டியதுதானே? கூனியை எதுக்கு எண்றாங்க?" என்றார் பக்கத்து ஸீட்காரர்.

எனக்கும் முதலில் அதே சந்தேகம்தான். ஆனால் திமிங்கலம் மூச்சுவிட மேலே வந்தால்தான் கண்ணில் படும். இன்று இங்கே பார்த்தது நாளை எங்கே போகும்? சாப்பாடு இருக்கிற இடத்துக்கு! நீலத் திமிங்கலம் கிரில்லைத் தவிர வேறெதையும் அநேகமாகத் தொடாது. மேய்கிற சீஸனில் ஒரு நாளைக்குச் சுமார் 16 டன் என்கிறது 2021-ல் வந்த ஓர் ஆய்வு. (நம்ம கல்யாணப் பந்தியெல்லாம் எம்மாத்திரம்!)

அதனால் 2004 முதல் அங்கே வருஷத்துக்குச் சில தடவை ஆய்வுக் கப்பல் கிளம்புகிறது. நோட்டில் கோடு போட்ட மாதிரி நேர்நேராகப் போகும். எக்கோ சவுண்டர் ஒலியை அனுப்ப, கிரில் கூட்டத்தில் பட்டு எதிரொலி திரும்பும். மீனும்தான் எதிரொலிக்கும். ஆகவே பல சுருதிகளில் அனுப்புகிறார்கள். உச்ச சுருதிக்குக் கிரில் பலமாகப் பதில் சொல்லும், தாழ்ந்ததற்கு முனகும். சந்தேகம் தீர வலை போட்டும் பார்ப்பதுண்டு. கடலடி சரிந்து ஆழமாகிற விளிம்பில்தான் கூட்டம் அதிகம்.

சங்கடம் என்னவென்றால், சரக்குக் கப்பல்களும் அந்த விளிம்பைத் தாண்டித்தான் துறைமுகத்துக்கு வந்தாக வேண்டும். மோதினால் திமிங்கலம் காலி! 2013-ல் கப்பல் பாதையை மாற்றி அமைத்தார்கள். சீஸனில் 10 நாட் வேகத்தைத் தாண்டாதீர்கள் என்றும் கேட்டுக்கொள்கிறார்கள். கேட்டுக்கொள்வதுதான்... கட்டாயமில்லை.

பக்கத்து ஸீட்காரர் யோசித்தார். "நம்ம கேன்டீன் வடைக்கு ஒரு மேப் போட்டா, மானேஜர் எங்கேன்னு கண்டுபிடிச்சுடலாம் ஸார்!"