ஸ்டிக்கர் பசை போகலையா? தேங்காய் எண்ணெய் இருக்கே!

எங்க வீட்டில் கருவாடு, புளி, மிளகாய்த்தூள் எல்லாம் போட்டு வைப்பது காலி பிளாஸ்டிக் டப்பாக்களில்தான். ஆனால் ஸ்டிக்கரைக் கிழித்தால் பாதிப் பசை அப்படியே நிற்கும். தூசி அப்பி அசிங்கமாகிவிடும்.

2023 டிசம்பரில், மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு எண்ணூர் முகத்துவாரத்தில் எண்ணெய்க் கசடு பரவியது நினைவிருக்கும். படகைத் துடைத்துவிட்டு வந்த என் வீட்டுக்காரர் கையில் ஒட்டிய கறை சோப்புக்கு அசையவில்லை. மாமியார்தான், "தேங்காய் எண்ணெய் தேய்ச்சுத் துடைடா, எண்ணெய்க்கு எண்ணெய்தான்" என்றார். போயே போச்சு!

அதையே டப்பாவிலும் செய்து பார்த்தேன். சிறிது நேரம் வெயிலில் வைத்தால் பசை இளகும். மேல்தாளை மெதுவாக உரிக்கலாம். மிச்சப் பசை மேல் தேங்காய் எண்ணெயும் ஆப்ப சோடாவும் குழைத்துப் பூசி, அரை மணி கழித்துத் துணியால் தேய்த்தால் வந்துவிடும். பிறகு சோப்புத் தண்ணீரில் கழுவிக் காய வையுங்கள். மண்ணெண்ணெய் மட்டும் வேண்டாம், வாடை போகாது.

ஒன்று சொல்லணும். பினாயில், ஆசிட் பாட்டிலின் லேபிளை எடுக்காதீர்கள்; அதில் வேறு சாமானும் போடாதீர்கள். பேரில்லாத பாட்டிலை என் சின்ன மகன் தண்ணீர் என்று வாயருகே கொண்டுபோன நாளை நினைத்தால் இன்றும் குலை நடுங்குகிறது.

– ஒரு வாசகி, நெட்டுக்குப்பம்.