பழைய காரை எக்ஸ்சேஞ்சில் கொடுத்தாச்சு… அப்புறமும் பொறுப்பு உங்களோடதா?



ஒரு சின்னக் கணக்குல ஆரம்பிக்கலாம். நீங்க அச்சங்குளத்துல இருந்து தினமும் சிவகாசிக்கு வேலைக்குப் போறீங்கன்னு வச்சுக்கோங்க. மாசம் 28,000 ரூபாய் சம்பளம். செகண்ட் ஹேண்ட்ல வாங்கின கார் ஒண்ணு இருக்கு. கொஞ்ச நாளா இஞ்சின் சூடாகுது, கியர் மாத்தினா சத்தம் வருது. மெக்கானிக் பார்த்துட்டு, "இதுக்குச் செலவு பண்றதுக்கு மாத்திடுங்க தம்பி"ன்னு சொல்லிட்டார்.

நீங்களும் ஒரு கன்சல்டிங்குக்குப் போறீங்க. அவங்க ஆள் வண்டியை ஓட்டிப் பார்த்து, 1,40,000 ரூபாய்னு விலை போட்டு, அதைக் கழிச்சுக்கிட்டு வேற கார் கொடுக்குறாங்க. நாலஞ்சு ஃபார்ம்ல கையெழுத்து போட்டுட்டு, புது வண்டிக்கு மாலை போட்டு வீட்டுக்கு வந்துடுறீங்க.

மூணு மாசம் கழிச்சு ஒரு போன். "இஞ்சின் போயிடுச்சு. நீங்க சொல்லவே இல்லையே? 40,000 கொடுங்க."

எட்டு மாசம் கழிச்சு இன்னொரு போன். இந்தத் தடவை போலீஸ் ஸ்டேஷன்ல இருந்து. "உங்க வண்டி ஒருத்தரை இடிச்சிருக்கு, வாங்க."

நிறைய பேர் முதல் போனுக்குப் பயப்படுவாங்க. உண்மையில பயப்பட வேண்டியது ரெண்டாவது போனுக்குத்தான். ஏன்னு பார்ப்போம்.

"இஞ்சின் போச்சு, பணம் கொடுங்க"ன்னு கேட்டா?

பழைய பொருளை விற்கிறதுக்கு நம்ம நாட்டுல அடிப்படைச் சட்டம் 1930-ஆம் ஆண்டு சரக்கு விற்பனைச் சட்டம். அதோட 16-வது பிரிவு சொல்ற விஷயம் எளிமையானது: வாங்குறவர்தான் பார்த்து வாங்கணும். பொருளோட தரத்துக்கு விற்கிறவர் தானாகவே உத்தரவாதம் கொடுத்ததா ஆகாது. இதுக்கு முக்கியமான விதிவிலக்கு, அந்தப் பொருளை விற்கிறதையே தொழிலா வச்சிருக்கவங்ககிட்ட, அவங்க அனுபவத்தை நம்பி ஒருத்தர் வாங்கும்போது வருது.

இதை நம்ம கதைக்குப் பொருத்திப் பாருங்க. கார் வியாபாரம் உங்க தொழில் இல்ல. தொழில் பண்றவர் கன்சல்டிங்காரர். அவர் வண்டியை ஓட்டிப் பார்த்து, தானே விலை போட்டு எடுத்திருக்கார். அதனால பின்னாடி வந்த ரிப்பேருக்கு நீங்க பணம் கொடுக்கணும்ங்கிற கட்டாயம் பொதுவா கிடையாது.

அவர்கிட்ட இருந்து அந்தக் காரை வாங்கின அடுத்த ஆளும் நேரா உங்ககிட்ட வர முடியாது. அவருக்கு ஒப்பந்தம் கன்சல்டிங்கோடதான், உங்களோட இல்ல. 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி புகார் கொடுத்தாலும் வியாபாரிங்கிற இடத்துல நிக்கிறது கன்சல்டிங்தான். சொந்த உபயோகத்துக்கு வச்சிருந்த ஒரு வண்டியை விற்ற உங்களை வியாபாரியா எடுத்துக்க மாட்டாங்க.

ஆனா இங்க மாட்டிக்குவீங்க

"அப்போ எதுவுமே சொல்லாம தள்ளி விட்டுடலாமா?"ன்னு கேட்காதீங்க. 1872-ஆம் ஆண்டு இந்திய ஒப்பந்தச் சட்டம், 17-வது பிரிவு, மோசடின்னா என்னன்னு சொல்லுது. அதுல ஒரு குதிரை உதாரணம் இருக்கு. குதிரைக்குக் குறை இருக்குன்னு தெரிஞ்சும் ஏலத்துல ஒருத்தர் பேசாம விற்கிறார். அது மோசடி இல்ல. ஆனா வாங்குறவர், "நீங்க மறுக்கலைன்னா குதிரை நல்லா இருக்குன்னு எடுத்துக்குவேன்"னு சொன்ன பிறகும் அவர் வாயை மூடிக்கிட்டு இருந்தா? அந்த மௌனம் பேச்சுக்குச் சமம்.

குதிரை போய் கார் வந்தாச்சு, விதி அதேதான். அதனால இந்த மூணுல கவனமா இருங்க:

1. கேட்ட கேள்விக்குப் பொய் சொல்றது. "ஆக்சிடென்ட் வண்டியா?"ன்னு கேட்டு, நீங்க "இல்ல"ன்னு சொல்லி, உண்மையில ஆகியிருந்தா அது மோசடி.
2. வேலை பண்ணி மறைக்கிறது. கிலோமீட்டரைக் குறைச்சு வைக்கிறது, எச்சரிக்கை விளக்கு எரியாம ஒயரைக் கழட்டி விடுறது, இதெல்லாம் மௌனம் இல்ல, செயல். 2023 டிசம்பர் வெள்ளத்துல தூத்துக்குடி, திருநெல்வேலி பக்கம் எத்தனை கார் தண்ணியில நின்னுச்சுன்னு நமக்கே தெரியும். அப்படி ஒரு வண்டியைக் கழுவி, சீட் மாத்தி, "தண்ணியே படலை"ன்னு கொடுத்தா அதுவும் இதே கணக்குதான்.
3. படிக்காம கையெழுத்து போடுறது. எக்ஸ்சேஞ்ச் பேப்பர்ல, "பெரிய விபத்து எதுவும் நடக்கவில்லை, குறைகள் அனைத்தையும் தெரிவித்துவிட்டேன்"ங்கிற மாதிரி வரி இருக்கும். கையெழுத்து போட்டுட்டா அது உங்க வாக்குமூலம்.

அதனால நான் சொல்ற வழி ஒண்ணுதான். தெரிஞ்ச குறையை ஒரு பேப்பர்ல எழுதி, அவங்க கையெழுத்து வாங்கி, போட்டோ எடுத்து வச்சுக்கோங்க. "இஞ்சின் சூடாகிறது, கியர் சத்தம் உள்ளது, தெரிந்தே எடுத்துக்கொண்டோம்." இந்த ரெண்டு வரியால விலை அஞ்சாயிரம் குறையலாம். ஆனா அந்த 40,000 ரூபாய் போன் வந்தா, இந்தப் பேப்பரே பதில் சொல்லிடும். பிரேக் மாதிரி உயிர் சம்பந்தப்பட்ட குறைன்னா சட்டம் கேட்டாலும் கேட்கலைன்னாலும் சொல்லியே ஆகணும். அந்த வண்டியில நாளைக்குப் போறது இன்னொருத்தர் வீட்டுப் பிள்ளை.

இஞ்சினை விடப் பெரிய ஆபத்து: ஆர்.சி. புக்

இப்போ ரெண்டாவது போன். வண்டி உங்ககிட்ட இல்ல, பணமும் வாங்கியாச்சு. ஆனா ஆர்.சி.ல இன்னும் உங்க பேர்தான் இருக்கு. இடிச்சது யாரோ. இழப்பீடு யார் கொடுக்கணும்?

இதுக்கு 2018 பிப்ரவரி 6-ஆம் தேதி உச்சநீதிமன்றம் தெளிவா பதில் சொல்லிடுச்சு. ஒருத்தர் தன் காரை 2007-ல விற்றார். வாங்கினவர் இன்னொருத்தருக்கு விற்றார், அவர் அடுத்தவருக்கு விற்றார். யாருமே பேர் மாத்தலை. 2009-ல அந்தக் கார் மோதி ஒரு உயிர் போச்சு. கடைசியா வாங்கினவர்தான் பொறுப்புன்னு பஞ்சாப்-ஹரியானா உயர்நீதிமன்றம் சொன்னதை உச்சநீதிமன்றம் மாத்திடுச்சு. மோட்டார் வாகனச் சட்டம் 2(30)-வது பிரிவுப்படி, யார் பேர்ல பதிவு இருக்கோ அவர்தான் உரிமையாளர்; அவர்தான் பொறுப்பு. தீர்ப்பை எழுதினவர் நீதிபதி டி.ஒய். சந்திரசூட். காரணமும் நியாயமானது: அடிபட்ட குடும்பம், வண்டி யார் யார் கைக்குப் போச்சுன்னு தேடி அலையக் கூடாது.

வண்டிக்கு இன்சூரன்ஸ் நடப்புல இருந்தா கம்பெனி பணம் கட்டும். வாங்கினவர் அதைப் புதுப்பிக்காம விட்டிருந்தா? தீர்ப்பாயம் போடுற தொகை லட்சக்கணக்குல இருக்கலாம். அதைக் கலெக்டர் மூலமா நிலவரி பாக்கி மாதிரி வசூல் பண்ண 174-வது பிரிவுல வழி இருக்கு. 28,000 சம்பளக்காரருக்கு அது எத்தனை வருஷச் சேமிப்புன்னு நீங்களே கணக்குப் போட்டுக்கோங்க. பின்னாடி வாங்கினவர் மேல தனியா வழக்கு போடலாம்தான். ஆனா அதுக்கு ஆதாரம் வேணும், ஆளும் கிடைக்கணும்.

பேப்பர்ல ஒரு பேர், நடத்துறது வேற ஆள்ங்கிறது எங்க போய் முடியும்னு நம்ம ஊருக்கு யாரும் பாடம் எடுக்க வேண்டியதில்ல. 2021 பிப்ரவரி 12-ஆம் தேதி அச்சங்குளம் பட்டாசு ஆலை வெடிவிபத்துல 20-க்கும் மேற்பட்டவங்க இறந்தாங்க. லைசென்ஸ் ஒருத்தர் பேர்ல, வேலை நடத்தினது உள்குத்தகைக்கு எடுத்தவங்கன்னு அப்போ பேச்சு எழுந்தது. அந்தத் துயரத்தையும் ஒரு காரையும் ஒப்பிட முடியாது. ஆனா "நான் கொடுத்துட்டேன், எனக்குச் சம்பந்தம் இல்ல"ங்கிற பேச்சு எந்த விசாரணையிலயும் சுலபமா எடுபடாது.

டீலர்கிட்ட கொடுத்தா பாதுகாப்பு உண்டா?

உண்டு, ஆனா ஒரு நிபந்தனை. 2022 டிசம்பர்ல மத்திய அரசு விதிகளை மாத்தி, 2023 ஏப்ரல் 1-ல இருந்து நடைமுறைக்குக் கொண்டு வந்தது. அதுப்படி, பதிவு அதிகாரியோட அங்கீகாரம் வாங்கின பழைய வாகன டீலர்கிட்ட வண்டியை ஒப்படைக்கும்போது ஃபார்ம் 29சி மூலமா ஆன்லைன்ல தகவல் கொடுக்கலாம். அதுக்கப்புறம் அந்த டீலரே உரிமையாளரா கருதப்படுவார்.

அதனால கன்சல்டிங்ல முதல்ல கேட்க வேண்டிய கேள்வி, "எவ்வளவு கொடுப்பீங்க?" இல்ல. "அண்ணே, உங்களுக்கு ஆர்.டி.ஓ. அங்கீகாரம் இருக்கா? 29சி போடுவீங்களா?" இல்லைன்னா இந்தப் பாதுகாப்பு உங்களுக்குக் கிடையாது.

வண்டியைக் கொடுக்குற அன்னைக்கு இதைச் செய்யுங்க

- வெறும் ஃபார்ம்ல கையெழுத்து வேண்டாம். ஃபார்ம் 29, 30-ல வாங்குறவர் பேர், முகவரி, தேதி எல்லாம் நிரப்பின பிறகுதான் கையெழுத்து.
- 14 நாள். ஒரே மாநிலத்துக்குள்ள விற்றா, 14 நாளுக்குள்ள விற்றவர் தகவல் கொடுக்கணும்னு 50-வது பிரிவு சொல்லுது. வாங்கினவருக்கு 30 நாள். அவர் செய்வார்னு காத்திருக்காதீங்க. விருதுநகரோ சிவகாசியோ, சம்பந்தப்பட்ட ஆர்.டி.ஓ. ஆபீஸ்ல உங்க பங்கை நீங்க முடிங்க. இது நல்ல ஆதாரம். ஆனா பேர் மாறினாத்தான் நிம்மதி.
- டெலிவரி நோட். தேதி, நேரம், கிலோமீட்டர், வாங்குறவர் அடையாள அட்டை நகல், ரெண்டு பேர் கையெழுத்து. பணத்தை வங்கிக் கணக்குல வாங்குங்க.
- லோன் இருந்தா முடிச்சு, ஃபார்ம் 35 கொடுத்து ஆர்.சி.ல ஹெச்.பி. கேன்சல் பண்ணுங்க.
- இன்சூரன்ஸ். பேர் மாறுற வரைக்கும் பாலிசி நடப்புல இருக்கான்னு பாருங்க. கிளைம் பண்ணாம சேர்த்த நோ கிளைம் போனஸ் உங்களோடது, வண்டியோடது இல்ல. அதுக்கான கடிதத்தை வாங்கி புது காருக்கு மாத்துங்க. அஞ்சு வருஷம் கிளைம் இல்லைன்னா, சொந்தச் சேதப் பிரீமியத்துல 50% வரை குறையும்.
- ஃபாஸ்டேக் கணக்கை மூடுங்க.
- முப்பது நாள் கழிச்சு எம்-பரிவாகன் ஆப்ல வண்டி நம்பரைப் போட்டுப் பாருங்க. உரிமையாளர் பேர் மாறலைன்னா அன்னைக்கே போன் பண்ணுங்க, எழுத்துலயும் கேளுங்க.

இதுக்கெல்லாம் மொத்தமா ஒரு நாள் லீவு போட்டா போதும். சம்பளத்துல பிடிச்சாலும் ஆயிரம் ரூபாய்க்குள்ளதான். எக்ஸ்சேஞ்ச் போனஸ் இன்னும் பத்தாயிரம் கூடக் கிடைக்குமான்னு பேரம் பேசுற நேரத்துல பாதியை இதுக்குக் கொடுங்க. சாவியைக் கொடுத்த அன்னைக்கு வண்டி போகும். ஆர்.சி.ல பேர் மாறுற அன்னைக்குத்தான் பொறுப்பு போகும்.

உங்க பழைய வண்டி நம்பர் ஞாபகம் இருக்கா? இப்பவே ஆப்ல போட்டுப் பாருங்க.